வட்டகொடைச் சித்தப்பாவுக்கு ஒரு காசோலை

அக்காவுக்குத் தேயிலைத் தோட்டத்து ஆபிஸில் வேலை கிடைத்தபோது எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் தலைகால் புரியவில்லை. அட்டன் டவுனில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்தவள் என்று மூன்று மாதம் சோதனைக்கு வைத்திருந்தார்கள். சரியாகச் செய்தால் நிரந்தரம், இல்லையென்றால் கொழுந்து பறிக்கும் கூடை. இதை ஆபிஸை நடத்தும் பெரிய கிளாக்கர் தினமும் ஒரு தடவையாவது அவளுக்கு நினைவூட்டுவார்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காய்ச்சல் என்று புளுகிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருந்ததால், அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது. போனால், அவள் அழாத குறையாகப் பிரிண்டர் முன்னால் நிற்கிறாள். தோட்டத்துக்கே தீபாவளி அட்வான்ஸ் கொடுக்க அன்று மூன்று மணிக்குள் வங்கியில் காசு எடுக்க வேண்டும். அதற்கான காசோலையில் இலக்கம் மட்டும் சரி. ஆங்கிலத்தில் வரவேண்டிய எழுத்தெல்லாம் தமிழில் கன்னாபின்னாவென்று விழுந்திருந்தது. கையால் எழுதலாம் என்றால், அச்சடித்ததுதான் செல்லும் என்று கொழும்புத் தலைமை அலுவலகம் புதிதாகச் சட்டம் போட்டிருந்தது. வாசலில் ஜீப் காத்திருந்தது.

அக்கா ரிப்பனைக் கழற்றி மாட்டினாள். வயரைப் பிடுங்கிச் செருகினாள். கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டாள். கொழும்புக்குப் போன் எடுத்தால், அங்கிருந்த மேதாவியும் நிறுத்திப் போடத்தான் சொன்னார். நாலு காசோலை பாழ். ஒவ்வொன்றுக்கும் பெரிய கிளாக்கர் அவள் தலைக்கு மேல் நின்று கத்தினார்.

"லயத்துப் புள்ளைகிட்ட மெசினக் குடுத்தா இதுதான். அட்வான்ஸ் வரலன்னா சனங்க ஒன்னையத்தான் கேக்கும். திங்கக்கெழமையிலருந்து கொழுந்துக்குப் போ!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குச் சாப்பாட்டுப் பெட்டியை அவர் காலில் போட்டிருப்பேன்.

அவர் தோட்டத்து மேனேஜர் துரையைக் கூட்டிவரப் போன நேரத்தில், காசோலை யார் யாருக்கு என்ற பெயர்ப் பட்டியலை அக்கா திறந்தாள். அதன் கடைசியில் அவள் சேர்க்காத முப்பது பெயர்கள் இருந்தன. திரையில் பார்த்தால் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள். ஒன்றை வெறுந்தாளில் அடித்தாள். சுத்தமான தமிழில் விழுந்தது. நான் உரக்க வாசித்தேன்: "வட்டகொடைச் சித்தப்பா குடும்பத்தினர்."

முந்தின வாரம்தான் பெரிய கிளாக்கர் மகளுக்குப் பெரியவளான சடங்கு. கம்ப்யூட்டர் எழுத்தில் பெயர் போட்ட உறைகளில் அழைப்பு அனுப்பினாராம், தோட்டமே பேசியது. எங்கள் லயத்துக்கு ஒரு உறையும் வரவில்லை. மனுஷனுக்குக் கம்ப்யூட்டரில் திறக்கத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். அதில் காசோலை அச்சாகும் எழுத்தைத் தமிழ் ஃபொண்டுக்கு மாற்றி, காசோலைக்குப் பதிலாக உறையைச் செருகி, சொந்தக்காரர் பெயரையெல்லாம் அடித்துத் தள்ளியிருக்கிறார். திரும்ப மாற்றத்தான் தெரியவில்லை. அதற்குப் பிறகு அடித்த முதல் காசோலை இது.

நிமிர்ந்தால், துரையும் அவரும் வாசலில். நான் வாசித்தது பெரிய கிளாக்கர் காதில் விழுந்திருக்க வேண்டும், முகம் வெளுத்திருந்தது.

"யாரு செஞ்சது?" என்றார் துரை, தனக்குத் தெரிந்த தமிழில்.

அக்கா அந்தத் தாளைக் கசக்கிக் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நாந்தாங்க தொர. தெரியாம எழுத்த மாத்திப்புட்டேன். இப்ப சரி பண்ணிர்றேங்க."

இரண்டே நிமிடத்தில் காசோலை அழகாக விழுந்தது, ஜீப் பறந்தது. துரை அக்காவைத் திட்டித் தீர்த்தார். பெரிய கிளாக்கர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயந்தரம் வீட்டில் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க்கா சொல்லல? அந்தாளுதானே செஞ்சாரு?"

"ஒன் வேலையப் பாருடி" என்றாள்.

இப்படி ஒரு வாயில்லாப் பூச்சி எனக்கு அக்காவாக வந்து வாய்த்திருக்கிறதே என்று எனக்கு எரிச்சலான எரிச்சல். தீபாவளி அன்றுகூட அவளோடு பேசவில்லை.

மறுமாதம் அக்காவுக்கு வேலை நிரந்தரமானது. துரையிடம் விழுந்து விழுந்து சிபாரிசு செய்தவர் பெரிய கிளாக்கராம். இவ்வளவு நல்ல மனுஷனையா கரித்துக்கொட்டினோம் என்று எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்று விளக்கு வைத்ததும் சாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடி நின்று, பெரிய கிளாக்கரிடம் மனதார மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.