மெஷின் சத்தத்தில் ஒரு வரி

"மெஷின் ஓடுதா பாப்பா?" என்றுதான் முதலில் கேட்பார். சாப்பிட்டாயா, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்களா என்பதெல்லாம் அப்புறம். ஆபீஸ் மாடிப்படித் திருப்பத்தில், தீயணைக்கும் சிலிண்டர் மாட்டிய சுவரில் ஒரு தோளைச் சாய்த்து, போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி நிற்பார். மறுமுனையில் தங்கை பாப்பாவின் பை தைக்கும் பட்டறை. மெஷின்கள் கடகடவென்று ஓடும் இரைச்சல் நன்றாகக் கேட்ட பிறகுதான் கையிலிருக்கும் தாளைப் பார்த்து, தான் எழுதிய விளம்பர வரி ஒன்றை வாசிப்பார். ஒரே ஒரு முறை. அவள் தன் மெஷினை நிறுத்தக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தைத்துக்கொண்டே, காதில் விழுந்ததில் தனக்குப் புரிந்ததை அவள் திருப்பிச் சொல்லவேண்டும்.

"கடையில என்ன சரக்கு தீந்துபோச்சுன்னு அதுவே சொல்லிடும்ங்கிற. அதானே?" என்று பதில் வந்தால் வரி பாஸ். உடனே தான் எழுதியதை அடித்துவிட்டு அவள் சொன்னதை எழுதிக்கொள்வார். புரியவில்லை என்றால் பாப்பாவிடமிருந்து ஒரே சொல்தான் வரும்: "வெட்டு." ஏன், எதற்கு என்று அவரும் கேட்கமாட்டார். இரண்டாம் முறை வாசித்துக் காட்டவும் மாட்டார். இரண்டாம் முறை வாசிக்கவேண்டிய வரி தோற்றுப்போன வரி என்பது அவர் கட்சி.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்கி மாளாது. சாஃப்ட்வேர் செய்கிறவர்கள் வேறு, விற்கிறவர்கள் வேறு. ஒரு கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்ததும் பெரிய எழுத்தில் ஒரு வரி கண்ணில் படுகிறதே, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி, அதற்கும் கீழே ஒரு பட்டன், அவ்வளவுதான் இவர் எழுதுவது. "இதுக்கு ஒரு ஆபீசா?" என்று கேட்காத மாமனும் இல்லை, சித்தப்பாவும் இல்லை. அந்த மூன்று வரியில்தான் பார்க்க வந்தவன் உள்ளே நுழைவதும் திரும்பிப் போவதும் இருக்கிறது என்று ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். இப்போது "ஆமா, சும்மாதான் உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிடுகிறார்.

ஆபீசில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். கம்பெனிக்காரர்கள் அனுப்பும் பக்கங்களைப் பிரிண்ட் எடுத்து, முனை மழுங்கிய பென்சிலால் அடித்துக்கொண்டே போவார். 'புரட்சிகரமான' போகும். 'அடுத்த தலைமுறை' போகும். 'முழுமையான தீர்வு' என்று பார்த்துவிட்டால் மனிதருக்குச் சன்னதம் வந்துவிடும். "தீர்வு தீர்வுங்கிறான், என்ன பிரச்சினைன்னு வாயத் திறக்க மாட்டேங்கிறானே!" என்று தாளோடு சண்டை போடுவார். பட்டனில் 'தொடங்குங்கள்' என்றிருந்தால் "எதைய்யா தொடங்குறது, ஓட்டப்பந்தயமா?" என்பார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "வாசல்ல வந்து நிக்கிறவன்கிட்ட உன் பெருமையைப் பேசாதே. உள்ள வந்தா அவனுக்கு என்ன கிடைக்கும்னு சொல்லு." அசல் கத்தரி தங்கை கையில் இருக்கிறது என்பது மட்டும் ஆபீசில் யாருக்கும் தெரியாது.

பாப்பாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. குரல் என்றால் குரல், பட்டறையின் இந்தக் கோடியில் உட்கார்ந்து அந்தக் கோடியில் இருப்பவளை நிமிர வைக்கும். 'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்று அவர்கள் அம்மா அவளைப் பார்த்துச் சொல்லாத நாள் கிடையாது. அந்த வாயை வைத்துத்தான் பட்டறையை எழுப்பினாள், அந்த வாயை வைத்துத்தான் நடத்துகிறாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு சின்னக் கம்பெனி அவரைத் தேடி வந்தது. நடத்துகிறவர் ஓர் இளம்பெண், என்ஜினியர். தொண்டையில் ஆபரேஷன் செய்து பேச்சை இழக்கப்போகிறவர்களுக்கான சாஃப்ட்வேர் அது. ஆபரேஷனுக்கு முன்னால் போய்ச் சில மணி நேரம் பேசிவிட்டு வந்தால் போதும். பிறகு அவர்கள் போனில் எதை டைப் செய்தாலும் அதை அவர்களுடைய குரலிலேயே பேசிக் காட்டும். கத்தரி நிமிர்ந்து உட்கார்ந்தார். இத்தனை வருடமும் கணக்கு, சரக்கு, லீவு என்று எழுதிய கைக்கு இப்போதுதான் ஒரு விஷயம் கிடைத்தது என்று நினைத்தார். உட்கார்ந்த சூட்டில் எழுதினார்: 'உங்கள் குரல் என்றும் வாழும்.'

வழக்கம்போல மாடிப்படித் திருப்பத்துக்குப் போய் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பாப்பா டாக்டரிடம் போயிருந்தாள். தொண்டை கட்டியது விடவே மாட்டேன் என்கிறது என்று முந்தின வாரம் சொல்லியிருந்தாள். இவரும் "வெந்நீர் குடி" என்று சொல்லியிருந்தார். சரி, இந்த வரியைக் கேட்டுத்தான் ஆகவேண்டுமா, இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார். மெஷின் சத்தத்தைக் கடக்காமல் வெளியே போன முதல் வரி அதுதான். வரியைப் பார்த்த என்ஜினியரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கலங்கினார்கள். ஆனால் பட்டனை அழுத்துவார் இல்லை. "அழுதுட்டு மூடிட்டுப் போயிடறாங்க சார்" என்றார் என்ஜினியரம்மா. ஏன் என்று கத்தரிக்குப் புரியவில்லை.

அப்போதுதான் தங்கை வீட்டுக்காரர் போன் செய்தார். அந்த மனிதர் எப்போதும் அளந்துதான் பேசுவார். "மச்சான், குரல்வளையில கட்டியாம். எடுத்தாத்தான் ஆளு பிழைக்கும்கிறாங்க. எடுத்தா பேச்சு வராதாம்." பிறகு அவரே தொடர்ந்தார். "அடுத்த மாசம் தேதி குறிச்சிருக்காங்க. உங்க ஆபீஸ்ல ஏதோ குரலைப் பிடிச்சு வைக்கிற சாஃப்ட்வேர்னு சொன்னீங்களே, நீங்க சொன்னா கேப்பா."

தான் எழுதிய பக்கத்தைத் தங்கைக்கு அனுப்பினார். உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது. ஊருக்கெல்லாம் எழுதியது நம் வீட்டுக்கே உதவப்போகிறது என்ற நிம்மதி. சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கரகரத்த குரல் அதை மீறி வரப் பாடுபட்டது.

"இதை எவன் எழுதினான்?"

"நான்தான், பாப்பா."

"செத்தவங்க போட்டோவுக்குக் கீழ எழுதுற வரி மாதிரி இருக்கு அண்ணே. நான் இன்னும் இருக்கேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு அது ஒண்ணும் வேணாம். சர்க்கரைன்னு எழுதி நக்கினா இனிக்குமா? வெட்டு."

போனை வைத்துவிட்டாள். ஒரு வரி எழுதியதற்காக ஒரு மனிதன் அவ்வளவு வெட்கப்பட முடியுமா என்றால், பட்டார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஏன் எல்லாரும் அழுதுவிட்டுப் பட்டனைத் தொடாமல் போனார்கள் என்பது இப்போது புரிந்தது. பிழைக்க வேண்டும் என்று வந்தவர்களின் கையில் அவர் இரங்கல் செய்தியைக் கொடுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நாளோடு போட்ட பந்தயம். ஆபரேஷன் முடிந்துவிட்டால் பதிவு செய்யக் குரல் இருக்காது. அதற்குள் பாப்பா சரி என்று சொல்லவேண்டும். தினம் ஒரு வரி வாசித்தார். 'உங்கள் குரலைப் பத்திரப்படுத்துங்கள்.' "என்ன, பேங்க் லாக்கரா? வெட்டு." 'பேசாமலே பேசுங்கள்.' "விடுகதை போடாதே. வெட்டு." நாளுக்கு நாள் அந்த 'வெட்டு' சொல்லும் குரல் கம்மிக்கொண்டே வந்தது. வீட்டுக்காரர் கெஞ்சினார். பிள்ளைகள் அழுதார்கள். அவள் அசையவில்லை. பதிவு செய்யப் போனால் பேச்சு போகப்போகிறது என்று தன் வாயாலேயே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று அவளுக்குப் பயம். வீம்பு என்று மற்றவர்கள் சொன்னார்கள். அது பயம்தான்.

கடைசியில் கத்தரி தாள், பென்சில் எதுவும் இல்லாமல் பட்டறைக்குப் போனார். அவள் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு துணி மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"வரி எதுவும் கொண்டு வரல பாப்பா. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பேச்சு போச்சுன்னு வச்சுக்க, முதல்ல எதுக்குத் தவிச்சுப் போவே?"

பிள்ளைகளின் பெயரைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தார். அவள் பையின் ஓரத்தை மடித்து ஊசிக்குக் கொடுத்தபடியே யோசித்தாள்.

"திட்டுறதுக்குத்தான்" என்றாள். "அதோ அந்த மூலையில இருக்காளே, ஊசி மழுங்கினாலும் மாத்தாமத் தைப்பா. இங்கேருந்து ஒரு சத்தம் போடுவேன், மாத்திடுவா. நாளைக்கு எந்திரிச்சுப் போயி, தோளைத் தட்டி, கையக் காட்டி... என்னைப் பாத்து எல்லாரும் பாவம்னு நினைப்பாங்க அண்ணே. திட்டு வாங்கினவ யாரும் என்னைப் பாவம்னு நினைச்சதில்ல." மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவள் கண் நிறைந்துவிட்டது. அவருக்கும்தான்.

ஆபீசுக்குத் திரும்பி, அவள் சொன்னதை எழுதினார். 'ஆபரேஷனுக்கு முன் எங்களிடம் வந்து பேசுங்கள். பிறகு நீங்கள் டைப் செய்வதை உங்கள் குரலே சொல்லும். திட்டுவது உட்பட.'

என்ஜினியரம்மா தயங்கினார். "உயிருக்குப் போராடுறவங்க பாக்குற பக்கம் சார். அதுல போயி திட்டுறதுன்னு..."

"உயிரோட இருக்கறவங்கதாம்மா திட்டுவாங்க" என்றார் கத்தரி. அந்த அம்மாள் சரியென்று வரியை வாங்கிக்கொண்டார்.

படித்திருப்பத்தில் நின்று அந்த வரியை வாசித்தார். மெஷின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. 'வெட்டு' வருமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கம்மிய குரல், கொஞ்சம் சிரிப்போடு, "எங்க வரணும்?" என்று கேட்டது. ஒரு முகப்புப் பக்கத்துக்கு இதைவிடப் பெரிய பரிசு உலகத்தில் கிடையாது.

பதிவு அறையில் சுவரெல்லாம் பஞ்சு. குண்டூசி விழுந்தால் கேட்கும் அமைதி. பாப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. எழுதிக் கொடுத்ததைப் பார்த்தாள், தண்ணீர் குடித்தாள், தொண்டையைச் செருமினாள், ஊஹூம். வாழ்நாளெல்லாம் இரைச்சலுக்கு மேலே பேசியவள், அவ்வளவு அமைதியில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விழித்தாள். அப்புறம் மேசைக்கு அடியில் அவள் வலது கால் மெஷின் பெடலை மிதிப்பதுபோலத் தரையை மிதிக்கத் தொடங்கியது. அதோடு பேச்சும் வந்தது. மூலை மெஷின்காரியைத் திட்டினாள். நூல்காரனைத் திட்டினாள். வீட்டுக்காரரை, பிள்ளைகளை, கடைசியில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவரையும்: "அண்ணே, வெந்நீர் குடின்னு சொன்னியே, பெரிய டாக்டரு!" அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உடம்பு தேறிப் பாப்பா பட்டறைக்குப் போக ஆரம்பித்த பிறகும் கத்தரி போன் செய்யவில்லை. நேரில் போய்ப் பார்ப்பார், அவள் டைப் செய்ய ஆரம்பிக்குமுன் கிளம்பி வந்துவிடுவார். படித்திருப்பத்துக்குப் போவார், போனை எடுப்பார், மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். அந்தக் குரல் வேறு யாருடையதோபோல இருந்துவிட்டால் என்ன செய்வது?

ஒரு காலையில் துணிந்தார். லீவு கேட்கும் சாஃப்ட்வேர் ஒன்றுக்கு எழுதிய வரி கையில் இருந்தது. மறுமுனையில் போனை எடுத்தார்கள். பேச்சில்லை, மெஷின் சத்தம் மட்டும். "மெஷின் ஓடுதா பாப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாசித்தார். "உங்கள் ஊழியர்களின் விடுப்பு இனி உங்கள் விரல் நுனியில்." சுமாரான வரிதான், அவருக்கே தெரியும்.

தங்கையின் மெஷின் நின்றது. தள்ளி ஓடும் மற்ற மெஷின்களின் சத்தம் கேட்டது. டைப் செய்யக் கை வேண்டுமே, சட்டமாவது ஒன்றாவது. அவர் சிலிண்டருக்குப் பக்கத்துச் சுவரை உள்ளங்கையால் பிடித்துக்கொண்டார்.

"வெட்டு" என்றாள் பாப்பா. அதே கரகரப்பு, அதே அதட்டல்.

அடிக்கத் தயாராக வைத்திருந்த பென்சிலைச் சட்டைப் பைக்குள் போட்டார் கத்தரி. தாளை நேராகப் பிடித்துக்கொண்டு, அதே வரியை, ஒரு சொல்கூட மாற்றாமல், மறுபடியும் வாசித்தார்.