காப்பித் தராசில் ஒரு பயணி

போன வாரம் என்னைக் காப்பி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றி எடை போட்டார்கள்.

எதற்கு? விமானத்தில் ஏற்றத்தான்!

என் சினேகிதர் நடராஜனுக்கு ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம் காப்பி எஸ்டேட். பைலட் லைசென்ஸும் உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு குட்டி விமானத்தைத் துண்டு துண்டாக, மரப்பெட்டிகளில் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தார். படத்தைப் பார்த்து நாமே பாகங்களைப் பொருத்திப் பூட்டிக்கொள்ள வேண்டியது. இரண்டு பேர் உட்காரலாம். காப்பிக் குடோனில் உட்கார்ந்து பாகம் பாகமாகப் பூட்டினார்... பூட்டினார்... பூட்டிக்கொண்டே இருந்தார்.

போகும்போதெல்லாம் மரியாதைக்கு ஒன்று சொல்லி வைப்பேன். "முடியட்டும், பக்கத்து சீட்டில் முதல் ஆள் நான்தான்!" வீடு கட்டுகிறவரிடம் "கிரகப்பிரவேசத்துக்கு முதல் ஆளா வந்து நிற்பேன்" என்று சொல்வதில்லையா? அந்த மாதிரி. இந்த ஜென்மத்தில் இவர் முடிக்கமாட்டார் என்கிற தைரியம்தான்.

முடித்துவிட்டார். டிரங்க் கால் போட்டுச் சொன்னார்.

நேரில் ஏதாவது சாக்குச் சொல்லிக் கழன்றுகொள்ளலாம் என்றுதான் பஸ் ஏறினேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி சரோஜா காப்பியோடு வந்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, இவரு வானத்துல போறதுக்கு நான் ஒத்துக்கவே இல்லீங்க. நீங்க கூடப் போறீங்கன்னு சொன்னாருங்க. அப்பறந்தான் சரின்னேன்."

ஆக, நான் பின்வாங்கினால் மனிதரின் இத்தனை வருஷ உழைப்பும் குடோனோடு சரி. பின்வாங்காவிட்டால்... அதை யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகுதான் தராசு. எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் மாது எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "நொம்ப ஜாஸ்திங்க."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அடடா! அப்ப நான் ஏறக்கூடாதே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றார் நடராஜன். "பெட்ரோலக் கொறச்சுக்கலாம்."

மலையிலிருந்து கீழே கொண்டுபோக, கழற்றி வைத்திருந்த இறக்கையை லாரியில் ஏற்றத் தூக்கினார்கள். உள்ளே சரசரவென்று ஏதோ ஓடியது. நடராஜனின் முகம் வெளுத்துவிட்டது. சாய்த்துப் பார்த்தால், கம்பி பூட்டக் கை விடுகிற ஓட்டை வழியாகக் கொட்டுகிறது — மிளகு!

"யாரு வேலை இது?" என்றார் நடராஜன்.

"நாந்தானுங்க," என்றார் மாது, சாதாரணமாக. "களம் பூராக் காப்பி கெடக்குதுங்க. பெயிண்டு காஞ்சப்பறம் ரெக்கை சும்மாதானுங்களே இருந்துச்சு? அது மேல பரப்பி விட்டேனுங்க. வெயிலும் நல்லா விழுந்துச்சுங்க. மொளகு எப்படிக் காஞ்சிருக்குது பாருங்க."

நன்றாகத்தான் காய்ந்திருந்தது. நடராஜன் திட்டவில்லை. உட்கார்ந்து, ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவித் துழாவி மிளகை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து துழாவினேன். எனக்கு அதில் சொந்த அக்கறை இருந்தது.

மறுநாள், மலைக்குக் கீழே ஒரு தனியார் ஓடுதளம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், மூக்குக்குச் சந்தனம், குங்குமம் எல்லாம் ஆயிற்று. முதலில் நடராஜன் தனியாக ஒரு சுற்றுப் போய் வந்தார். அடுத்து நான்.

ஓடியது... எழும்பியது. கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். எஞ்சின் போட்ட இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசினாலே கேட்காது. ஆனாலும் மிளகு உருளுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது!

விமானம் தரைக்கு வந்து நின்றதும் சரோஜா ஓடி வந்தார். என்னைத் தாங்கிப் பிடிக்க வருகிறார் என்று நினைத்தேன். முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்.

"எறங்குங்கண்ணா. உங்களையே தாங்கிருச்சு, இனி என்னங்க பயம்? நான் ஏறிக்கறேன்."

ஏறிக்கொண்டார். நடராஜன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. தலைக்கு மேலே இரண்டு பேரும் வட்டமடித்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. சோதனை மூட்டை என்றாலும், முதல் மூட்டை நான்தானே?

இனிமேல் யார் எதைக் கட்டிக்கொண்டிருந்தாலும், "பிரமாதம்" என்பதோடு நிறுத்திக்கொள்வதாக இருக்கிறேன்.