சந்தனம் பூசிய ஜாக்கி

டயர் மாற்றுகிற சாமான் வாங்கப் போனால் என் வீட்டுக்காரரைக் கடைக்குள் விடக் கூடாது. பளபளவென்று ஒரு பெட்டியைத் திறந்து காட்டினால் போதும், மனுஷன் சொக்கிப்போவார். சின்னதும் பெரிதுமாக அடுக்கிய அந்தப் பானாக்களில், அதாவது ஸ்பேனர்களில், பாதி எந்த நட்டுக்கு ஆகும் என்று கடைக்காரருக்கே தெரியாது. நான் லாரி வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். எங்கள் வேனுக்கு வேண்டியது ஒரு திருகு ஜாக்கி, ஒரு வீல் பானா, அதன் பிடியில் மாட்ட ஓர் இரும்புக் குழாய், மண்ணில் ஜாக்கி புதையாமலிருக்க ஒரு பலகை. அவ்வளவுதான். குழாய் எதற்கு என்று கேட்டார். துருப்பிடித்த நட்டைக் கழற்ற உங்கள் கோபம் மட்டும் பத்தாது என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். இவருக்கு ரோஷம் வந்து, குழாயைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பல்லடம் ரோட்டில் எங்களுடையது சின்ன பனியன் கம்பெனி. கட்டிங் மேஜை அவர் பொறுப்பு. ஆட்களைக் கூட்டி வருகிற பழைய வேனை ஓட்டுவது நான். செல்போன் அப்போதுதான் முதலாளிமார் சட்டைப் பைகளில் எட்டிப்பார்க்க ஆரம்பித்திருந்தது.

அந்த வருடம் ஆயுத பூஜையன்று மதியம் எங்கள் டெய்லர் ஒருத்தியைத் தாராபுரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரப் பெண். கட்டியவன் விட்டுப் போனதும், கைக்குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டுத் தைக்க வந்தவள். கிறிஸ்துமஸுக்குப் போகலாம் என்றிருப்பாள், சரியாக அப்போதுதான் ஏதாவது ஆர்டர் வந்து கழுத்தை நெரிக்கும். மகளைக் கண்ணால் பார்த்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது. இப்போது நாலு வயதான மகளை இவளிடம் விட்டுப்போக இவளுடைய அண்ணன் கூட்டி வருகிறார். பிள்ளையை அனுப்ப அவருக்கு இஷ்டமே இல்லை. திரும்புகிற பஸ் கிளம்பும்போது நீ வந்து நிற்காவிட்டால் பிள்ளையோடு ஏறிவிடுவேன் என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

இவள் பச்சைப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து வேனில் ஏறினாள். இந்த வெயிலில் எதற்குப் புள்ள பட்டு என்று கேட்டேன். அந்தச் சேலையில் எடுத்த போட்டோவைக் காட்டித்தான் ஊரில் பிள்ளைக்கு அம்மாவைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களாம். "இதக் கட்டலன்னா அதுக்கு என்னைய அடையாளம் தெரியாதுக்கா" என்றாள். நான் வண்டியை எடுத்தேன்.

குண்டடத்துக்கு இந்தப் பக்கமே பின் டயர் உட்கார்ந்துவிட்டது. ஸ்டெப்னி இருக்கிறது, ஒன்றும் பயமில்லை என்று சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். பலகை மட்டும் வந்தது. ஜாக்கியும் இல்லை, பானாவும் இல்லை. ஆயுத பூஜை என்றால் எங்கள் பக்கம் கத்தரிக்கோல் முதல் கடப்பாரை வரை கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் பரப்பிவிடுவோம். மறுநாள் பூஜை முடித்து எடுக்கும்வரை யாரும் தொட மாட்டோம். என் வீட்டுக்காரர் காலையில் வேனைக் கழுவியவர், பக்தி முற்றி ஜாக்கி, பானா, குழாய் எல்லாவற்றையும் சாமியிடம் சேர்த்திருக்கிறார். பலகையை மட்டும் ஆயுதத்தில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. நல்ல நாளும் அதுவுமாக அவரைத் திட்டித் தீர்த்தேன். பஸ்கள் படியில் ஆள் தொங்கத் தொங்கப் போயின. ஒன்றும் நிற்கவில்லை.

ரோட்டோரம் ஒரு கோழிப்பண்ணையும் அதை ஒட்டி வீடும் இருந்தன. வாசலில் முட்டை வண்டி மாலை போட்டுக்கொண்டு நின்றது. வீட்டுக்கார அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளை காத்திருப்பதையும் சொன்னேன். "அட, எல்லாத்தையும் சாமிகிட்ட வெச்சுப்போட்டமுங்க. நாளைக்குத்தானுங்க எடுக்கோணும்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார். கதவு திறந்திருந்தது. உள்ளே அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவே எனக்கு வேண்டியதெல்லாம் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. எடுக்க எனக்கும் கை நீளவில்லை. நானும் அதே மண்ணில் பிறந்தவள்தானே.

டெய்லர் பெண் மெதுவாக முன்னால் வந்தாள். "நான் எடுக்கட்டுமாக்கா? உங்க சாமிக்கு என்னைய முன்னப்பின்ன தெரியாது. கோவிச்சா எங்கிட்ட கோவிச்சுக்கிடட்டும்."

அந்த அம்மா அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, தாகமாக இருப்பீர்கள், தண்ணீர் மோந்து வருகிறேன் என்று சொல்லி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையலறைக்குப் போனார். போனவர் வரவே இல்லை.

நான் நிலைப்படியில் நின்றபடி விரலை நீட்டினேன். பெரிய ஜாக்கி வேண்டாம், காற்றுப் போன வண்டிக்கு அடியில் அது நுழையாது. குட்டைத் திருகு ஜாக்கியை எடு. ஒரே வாய் வைத்த பானா வேண்டாம், நம் நட்டுக்குச் சேராவிட்டால் வீண். கூட்டல் குறி மாதிரி இருக்கிறதே, அதற்கு நாலு முனையிலும் நாலு அளவு, அதை எடு. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, சிலுவை மாதிரித்தான் இருக்கு, இதுவே போதும் என்றாள். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சக்கரத்துக்குக் கல் வைத்தேன். தூக்கும் முன்னே நட்டை இளக்க வேண்டும். அவளை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு, பலம் கொண்ட மட்டும் அழுத்தினேன். கடைசி நட்டு அசைவேனா என்றது. அவள் பொறுமை இழந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பானாவின் மேல் ஏறி நின்றாள். நட்டு இளகியது, இவள் டயர்மேல் சரிந்து விழுந்தாள். எழுந்தபோது பச்சைப் பட்டில் கிரீஸும் புழுதியும் சந்தனமும் அப்பியிருந்தன. துடைக்கத் துடைக்கப் பரவியது. அதுவரை கலங்காதவள் தேம்பிவிட்டாள். ஸ்டெப்னியை மாட்டி, சாமான்களைக் கழுவி இருந்த இடத்திலேயே அவளை வைக்கச் சொன்னேன். அப்போதுதான் அந்த அம்மா சொம்போடு வெளியே வந்தார்.

தாராபுரத்தில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. படியருகே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் நின்றார். அந்தா உங்கம்மா என்று காட்டினார். பிள்ளை இந்த அழுக்குச் சேலையைப் பார்த்ததும் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. இவள் கிட்டே போகவில்லை. டயர் போன கதையை அண்ணனிடம் அழாக்குறையாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

பிள்ளை தலையைத் தூக்கியது. காதைக் கொடுத்துக் கேட்டது. "மாமா, இது போன் அம்மாவா?"

கம்பெனிப் பக்கத்துப் பெட்டிக்கடையில், காசு போடும் போனில், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இவள் பேசுவாள். பிள்ளைக்கு அது ஓர் அம்மா. போட்டோவில் இருப்பது வேறோர் அம்மா.

"போட்டோ அம்மா வரலையா?" என்று பிள்ளை இவளையே கேட்டது.

"அவ வரலட்டி. நான்தான் வந்திருக்கேன்" என்றாள்.

பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு அவளிடம் இரண்டு கையையும் நீட்டியது.