மேனேஜர் ஜோக்குக்கு மூன்று சிரிப்பு

டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில், பெஹாலா போகிற ஷேர் ஆட்டோவில் என் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். ஐம்பது வயதிருக்கும். கசங்காத சட்டை, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. கைபேசியைப் பார்த்தவர் திடீரென்று ‘ஹா ஹா ஹா’ என்று உரக்கச் சிரித்தார். அடுத்த நொடியே முகம் பழையபடி ஆகிவிட்டது. சற்று நேரத்தில் மறுபடியும் அதே மூன்று ‘ஹா’. ஆட்டோக்காரர் பதறிப்போய்த் திரும்பி, “கீ ஹோலோ தாதா?” என்று வங்காளியில் என்ன ஆச்சென்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லப்பா” என்று அவர் வாயிலிருந்து தமிழ் வந்துவிட்டது. கல்கத்தாவில் தமிழ் கேட்டால் நான் விடுவேனா? “ஏன் சார் சிரிச்சீங்க?” என்றேன்.

“ஆபீஸ் குரூப்புல மேனேஜர் ஜோக் போட்டிருக்கார். சிரிக்கிற படத்தை அமுக்கறதுக்கு முன்னாடி நிஜமாவே சிரிச்சுடுவேன் சார். இன்னிக்கு யார் யார் பாத்தாங்கன்னு காட்டுது இல்லையா? நாளைக்கு, இவன் சிரிச்சுட்டுத்தான் அமுக்கினானான்னு கேமராவே பாத்துச் சொல்லிடும். அப்புறம் சிரிப்புக்கு மார்க்கும் போடும். இப்பலேர்ந்தே பழகிக்கறேன்.”

“அப்போ அழற படம் போடணும்னா?”

“அத அமுக்கறதே இல்ல சார். நேர்லயே போயிடறேன். இப்பக்கூட பெஹாலால ஒரு சாவு வீட்டுக்குத்தான் போறேன்.”

அன்று காலை, எங்கள் பழைய பக்கத்து வீட்டுக்காரர் சாந்த்ராகாச்சியில் தவறிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. நான் அழுகிற படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போயிருந்தேன். பெஹாலாவில் அவர் இறங்கிப் போனதும், சாந்த்ராகாச்சி பஸ் எங்கே நிற்கும் என்று ஆட்டோக்காரரிடம் விசாரித்தேன்.