சனிக்கிழமைகளில் பால் கறந்தவர்

இரண்டு கிழமைக்கு முன், எங்கள் கட்டடத்தின் நிலக்கீழ்த் தளத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றபோது, கட்டடத்தைப் பராமரிக்கும் சூப்பரின்டென்ட் வந்து எடித் அம்மையார் விடியப்புறம் ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்றார். ஈரத் துணிகளை எடுத்து டிரையரில் போட்டேன். அது சுற்றத் தொடங்கியது. பக்கத்தில் கிடந்த கூடையைக் கவிழ்த்துப்போட்டு இருந்தேன். அழுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். அன்று அது இருக்கவில்லை.

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துத் தமிழ்ச் சனத்தில் பலருக்கு அவரைத் தெரியும். லிஃப்டில் எல்லோருக்கும் வழிவிட்டுக் கடைசியாக ஏறும் உயரமான வெள்ளைக்கார அம்மா. குளிர் தொடங்கினால் கழுத்தில் மரூன் நிறக் கம்பளிச் சால்வை இருக்கும். தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே குடிவந்தோம். வந்த கொஞ்ச நாளில், ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டில் பெரிய சத்தம். ஆரோ அடிபடுகினம், நீ போகாதை என்று என் கணவர் தடுத்தார். நான் போய்த் தட்டினேன். எடித் அன்ரி கதவைத் திறந்தார். உள்ளே தொலைக்காட்சியில் பெரிய பெரிய பொடியன்கள், உரித்த தேங்காய் போன்ற ஒரு பந்துக்காக ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். பின்னாலேயே வந்த என் கணவர், காலால் அடிக்காத பந்துக்கு ஏன் ஃபுட்போல் என்று பெயர் என்று கேட்டார்.

"வால்ட்டரிட்டை நானும் கேட்டனான். பதில் சொல்லாமலே செத்துப்போனார்," என்றார் எடித் அன்ரி.

வால்ட்டர் என்பது அவருடைய கணவர். அன்ரி பேசியது ஆங்கிலம். கடை விளம்பரத் தாள்களில் சாமான் விலை பார்த்துக் கணக்கு எழுதியே ஆங்கிலம் பழகியவள் நான். அவருடைய பேச்சு என் மனதில் தமிழாகவே தங்கிவிட்டது. அப்படியே எழுதுகிறேன்.

அவர் பிறந்த இடம் வடமேற்கே, காரில் மூன்று மணி நேரத் தூரத்தில் உள்ள ஒரு நாட்டுப்புறக் கவுண்டி. கவுண்டி என்றால் எங்கள் ஊர் மாவட்டம் போல. கல்லுப் பூமி. ஸ்கொட்லாந்திலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பஞ்சத்துக்குத் தப்பி வந்தவர்கள் கல்லைப் பொறுக்கி வரம்பாக அடுக்கிவிட்டு மாடு வளர்த்தார்கள். வெண்ணெய் ஏற்ற ரயில் வந்தது. பிறகு ரயிலும் போனது. போகாமல் நின்றது ஒரு விவசாயக் கல்லூரியின் தொடர்புதான். வைக்கோல் கட்டுகளைத் தூக்கித் தூக்கித் தோள் பெருத்த பொடியன்களைத் தேடி, கல்லூரியின் பயிற்றுநர் இலையுதிர்காலச் சந்தைக்கு வருவாராம். ஒரு தலைமுறைக்குமேல் அந்தக் கல்லூரி அணியில் அவர்களுடைய கவுண்டிப் பொடியன்கள் இல்லாத வருசமே இல்லையாம்.

ஆட்டம் சனிக்கிழமைகளில். பிள்ளை விளையாடுவதைப் பார்க்கத் தாய் தகப்பன் போனால் பின்னேரம் மாடு கறப்பது யார்? அயலவர்கள் வந்து கறப்பார்கள். கேட்கத் தேவையில்லை, நன்றி சொல்வதும் வழக்கமில்லை. வால்ட்டர் விளையாடிய வருசங்களில் அவர் வீட்டு மாடுகளைக் கறந்தவர் பக்கத்துப் பண்ணைப் பெண்ணான எடித். கலியாணமும் அப்படித்தான் வந்தது. ஆனால் கறந்துகொண்டு நின்றபடியால் வால்ட்டர் விளையாடி எடித் ஒரு நாளும் பார்த்ததில்லை. கலியாணத்துக்குப் பிறகு அவர்களுக்கே மாடுகள். அந்த மைதானத்தின் பார்வையாளர் வாங்கில் ஒருமுறை இருந்து ஆட்டம் பார்க்கவேண்டும் என்ற ஆசையை அன்ரி சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

பிறகு எங்களோடு இருந்த மாமிக்கு, என் கணவரின் தாய்க்கு, பாரிசவாதம் வந்தது. தூக்குவதும் துடைப்பதும் ஊட்டுவதுமாக என் நாட்கள் போயின. இவருக்குச் சனிக்கிழமையும் தொழிற்சாலை வேலை. அந்த வருசம்தான் கொழும்பில் என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவன் வரவேண்டுமென்று, புரட்டாசிச் சனி ஒன்றும் தவறாமல் கோயிலில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்பதாக நேர்ந்தேன். நேர்ந்துவிட்டேன், மாமியை யாரிடம் விடுவது என்று யோசிக்கவில்லை.

"சனிக்கிழமை நான் கறக்கிறன்," என்றார் எடித் அன்ரி. எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

ஒவ்வொரு சனியும் வந்து, மாமியின் கட்டிலருகே கதிரையைப் போட்டு ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் குழறிக் கிடந்த மாமி ஒரு நாள் தெளிவாகவே கேட்டா: "உவங்களுக்குத் தாய் தேப்பன் இல்லையோ?" நான் மொழிபெயர்த்ததும் அன்ரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். மாமியும் சிரித்தா. அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு நெடுநாள்.

கடைசிப் புரட்டாசிச் சனிக்கு முன், அன்ரியின் மருமகன் கென் என்னை லிஃப்டில் கண்டார். வால்ட்டர் போனபின் அன்ரி நகரத்துக்கு வந்துவிட, பண்ணையை இப்போது பார்ப்பவர் அவர்தான். அந்தச் சனி கல்லூரியில் பழையவர்கள் கூடும் நாள். வால்ட்டரின் அணியை இடைவேளையில் மைதானத்தில் பெயர் சொல்லிக் கௌரவிக்கப் போகிறார்கள். அன்ரியோ வரமாட்டேன், சனிக்கிழமை வேலை இருக்கிறது என்கிறார் என்று குறைப்பட்டார்.

நான் நேரே போய்க் கதவைத் தட்டினேன். "இந்தச் சனி நான் கறக்கிறன். நீங்கள் போங்கோ."

"உன்ரை தம்பி?"

வீட்டிலேயே விளக்கு வைக்கிறேன், கடவுளுக்கு விளங்கும் என்றேன்.

"கடவுளுக்கு விளங்கும். உனக்கு விளங்குமோ?" என்றார்.

சனி காலை, கல்லூரி அணியின் நிறமான அந்த மரூன் சால்வையோடு வந்து கையை நீட்டினார். எண்ணெய்ப் போத்தலையும் எள்ளுப் பொட்டலத்தையும் தா, கோயில் போகிற வழிதானே என்றார். போகிற வழியில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். தம்பியின் பெயரையும் நட்சத்திரத்தையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். செருப்பை வெளியே கழற்றவேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

இருட்டிய பிறகு நனைந்துபோய் வந்தார். நெற்றியில் விபூதி மழையில் கரைந்து கோடாக இருந்தது. அர்ச்சனைப் பிரசாதத்தை என் கையில் வைத்தார். ஆட்டம் எப்படி என்று கேட்டேன். தோற்றுவிட்டார்கள் என்றார்.

"வால்ட்டர் அங்கிளின்ரை பேர் சொன்னவையோ?"

"ஓம். வடிவாய்ச் சொன்னவையாம்."

'சொன்னவையாம்' என்பதிலுள்ள அந்த 'ஆம்' அன்று என் காதில் விழவில்லை. மாமிக்குச் சாப்பாடு கொடுக்க நேரமாகியிருந்தது.

அடுத்த வைகாசியில் மாமி போய்ச் சேர்ந்தா. எனக்கு நேரம் கிடைத்தபோது அன்ரிக்கு உடம்பு முடியவில்லை. இந்த இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அவருடைய கட்டிலருகே நான் கதிரையைப் போட்டிருந்தேன். ஆட்டத்தின் விதிகள் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆர் வெல்லுகினம் என்று கேட்பார், மரூன்காரர் என்பேன். பாதி நாள் அது பொய்.

அடக்கம் அவருடைய கவுண்டியில், ஒரு சனிக்கிழமை. நானும் கணவரும் கென்னின் காரில் போனோம். வழியில் கென் சொன்னார்: பழையவர்கள் கூடிய அந்த நாளில் கோயிலில் கடைசிச் சனிக் கூட்டம். எண்ணெய் எரிக்க நீண்ட வரிசை. வயதானவர், முன்னுக்கு விடுங்கள் என்று தொண்டரிடம் கேட்கப் போன தன்னை அன்ரி பிடித்து நிறுத்திவிட்டாராம். "இதிலை நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு தம்பி இருக்கும்," என்றாராம். மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பெயர்கள் வாசித்து முடிந்துவிட்டன. வாசலில் நின்றவர்தான், வடிவாக வாசித்தார்கள் என்று சொல்லியிருக்கிறார். மழையில் கடைசிக் கொஞ்ச நேர ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, எல்லோரும் எழும்பிப் போன பிறகும் அன்ரி அந்த வாங்கில் இருந்தாராம்.

நான் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என் தம்பியைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை.

அடக்கம் முடிந்து கென்னின் பண்ணைக்குப் போனபோது பொழுது சாய்ந்துவிட்டது. மாட்டுக் கொட்டிலில் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத இரண்டு மூன்று பேர் மாடுகளுக்கு இடையில் குனிந்து நின்றார்கள். ஒரு பெண் நிமிர்ந்து, குளிர்ச்சட்டைக்குக் கீழே தெரிந்த என் சேலையைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, திரும்பவும் குனிந்துகொண்டார். கென் அவர்களுக்கு நன்றி சொல்லவில்லை.

எடித் அன்ரி, நீங்கள் ஆறுதலாய்ப் போங்கோ. இஞ்சை கறக்க ஆக்கள் நிக்கினம்.