எண்களுக்குப் பெயர் வைக்கும் உத்தியோகம்

கணினிக்கு எழுத்தே தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். நாம் 'க' என்று தட்டினால் அது 2965 என்று வாங்கி வைத்துக்கொள்ளும். இந்த எண்களோடு மல்லுக்கட்டி மண்டை காய்ந்துபோன சக நிரலாளர்களே, உங்கள் கஷ்டம் தெரிந்துதான் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பெயர் வைத்து லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு, எழுத உட்கார்ந்தேன். பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மாடியில், மூன்றே பேர் உள்ள கம்பெனி எங்களுடையது.

பாதிப் பட்டியல்

ஆங்கிலமும் சிங்களமும் முடித்துத் தமிழுக்கு வந்தபோது முதலாளி பின்னால் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குப் புது வீடு கொடுக்கும் ஓர் அலுவலகத்துக்கு, விண்ணப்பப் பட்டியல் அச்சடிக்கும் மென்பொருளை அந்த வாரமே கொடுக்க வேண்டியிருந்தது. தமிழை விட்டுவிடு, பெயர் வைக்காத, தெரியாத எழுத்து வந்தால் அச்சில் வெறுங்கட்டம் விழட்டும் என்றார். மனசில்லாமல், 9633 என்ற எண்ணுள்ள வெறுங்கட்டத்துக்குத் 'தெரியாதது' என்று பெயர் வைத்தேன். அது போதும் என்று முதலாளி தட்டிக்கொடுத்தார்.

"உது காணும் தம்பி. தோட்டத்துப் பேரையெல்லாம் ஆர் உதில வாசிக்கப் போகினம்?"

அம்மாவின் சந்தேகம்

அம்மா மடுல்சீமையில் கொழுந்து பறிக்கிறார். லீவில் போனபோது, அப்படி என்னதான் வேலை என்று குடைந்தார். எண்களுக்குப் பெயர் வைக்கிறேன் என்றேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் கூட்டத்தில் அம்மாவை இத்தனை வருடமும் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

"மனுசங்க எங்களுக்கு நம்பரு, நம்பருக்குப் பேரா? நல்லா இருக்குப்பா ஒங்க வேல!"

ஒன்பது கட்டம்

நமுனுகுலைத் தோட்டத்திலிருந்து செல்வராணி என்ற அக்கா ஒரு தாளோடு மாடியேறி வந்தார். புருஷன் இல்லாதவர், இரண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் குடும்பத்துக்கு இருந்த லயத்துக் காம்பராவுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறைக்கு, பதிலாக ஒரே ஒரு வீடுதான். அதற்கு அவரும் விண்ணப்பித்தார், புருஷனின் அண்ணனும் விண்ணப்பித்தார். அண்ணன்காரர் ஆங்கிலத்தில் எழுதியதால் அவர் பெயர் பட்டியலில் ஒழுங்காக இருந்தது. இவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது கட்டங்கள். பெயரில்லாத விண்ணப்பம் என்று ஒதுக்கிவிட்டு, கம்பெனியில் போய்க் கேள் என்று அலுவலகத்தில் அனுப்பியிருந்தார்கள்.

"தமிழ்ல முத்து முத்தா எழுதிக் குடுத்தேனே தம்பி, அழிச்சது யாருங்க?"

திருத்திய பதிப்பு

நான்தான் என்று சொல்லாமல், திருத்தித் தருகிறேன் என்று மட்டும் சொன்னேன். முதலாளியைக் கேட்காமலே இரண்டு நாளில் தமிழ் எழுத்து அத்தனைக்கும் பெயர் வைத்து, நானே அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். செல்வராணி அக்காவும் வந்திருந்தார். பட்டியல் மறுபடி அச்சானது. 'செல்வராணி' ஒரு கொம்பு பிசகாமல் விழுந்தது. வீட்டுச் சாவியை முந்தின நாளே அண்ணன்காரருக்குக் கொடுத்தாயிற்று என்றார் எழுத்தர். கொடுத்ததைத் திரும்ப வாங்க வழியில்லையாம். அக்கா தாளை வாங்கித் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

"பேரு அழகா வந்திருக்குங்க தம்பி. இத எந்தக் கதவுல கொண்டுபோயி ஒட்டுறது?"

லைப்ரரி இப்போது முழுமையாகிவிட்டது, அலுவலகமும் திருப்தி தெரிவித்துக் கடிதம் அனுப்பியிருக்கிறது, செல்வராணி அக்கா மட்டும் பிள்ளைகளோடு பழைய லயத்திலேயே இருக்கிறார்.