பிறந்த வீட்டுச் சீர்

வாழைத்தண்டும் எலுமிச்சைப்புல்லும் மீனும் ஒரே சட்டியில் கொதிக்கும் வாசனை. போடியில் அது எங்கள் வீட்டுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. மொகிங்கா என்னும் அந்தப் பர்மா மீன்குழம்பும் அம்மாவோடு போய் இன்று ஓராண்டு.

அம்மா பிறந்தது ரங்கூனில். தமிழர்கள் கப்பலேறித் திரும்பிய காலத்தில் சிறுமியாக ராசிங்காபுரம் வந்து சேர்ந்தார். பெற்றோரை மீறிப் பர்மாக்காரரை மணந்திருந்த அக்கா, அதாவது எங்கள் பெரியம்மா, அங்கேயே தங்கிவிட்டார். பிறந்த வீட்டுச் சீர் அவருக்குப் போகவே இல்லை.

அம்மா வாழ்க்கைப்பட்டது குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு. மழையிலும் அட்டைக்கடியிலும் கிடந்து எங்களை ஆளாக்கினார். எதைக் கொடுத்தாலும் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கியே நீட்டுவார். "என்ன மதினி, கை சுளுக்கா?" என்பார் அத்தை. "ஆமாடி, பிறவிச் சுளுக்கு" என்பார் அம்மா.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாவை ரங்கூனுக்கு அழைத்துப் போனேன். பெரியம்மா வரச் சொன்ன இடம் மிருகக்காட்சிசாலை. தாத்தா இரு பெண்களையும் கூட்டிப்போன இடமாம். வாசலில் சீட்டுக் கொடுத்தவரும் கரும்பு விற்ற பெண்ணும் அந்த ஊர் மரியாதைப்படி முழங்கையைத் தொட்டே நீட்டினார்கள். "பாத்தியா, ஊருக்கே சுளுக்கு" என்று அம்மா சிரித்தார்.

கன்னத்தில் சந்தனம்போல் அரைத்த தனகாப் பட்டைப் பூச்சும் லுங்கியுமாகப் பெரியம்மா வந்தார். அக்காவும் தங்கையும் யானைக்குக் கரும்பு ஊட்டினார்கள். "எங்க தோட்டத்துல இதுக வந்தா தகரத்தத் தட்டி வெரட்டுவோம்க்கா." "பாவம், ஒரு கரும்பு குடுத்திருக்கலாம்ல" என்றார் பெரியம்மா, தமிழைத் தேடித்தேடி.

வெளியே கடையில் மொகிங்கா சாப்பிட்டோம். "இத்தன வருசமா நான் வச்சது வெறும் குழம்புதான்" என்று அம்மா ஒப்புக்கொண்டு இரண்டாம் கிண்ணம் கேட்டார்.

அம்மாவின் பையில் எங்கள் தோட்டத்து ஏலக்காயும் ஒரு சேலையும் இருந்தன. "குடுத்துருங்கம்மா" என்றேன். "சீர தெருவுல வச்சா குடுப்பாக? நாளைக்கி அவ வீட்டு வாசப்படி ஏறிக் குடுக்குறேன்."

அந்த நாளை வரவில்லை. இரவே பெரியம்மாவுக்குக் காய்ச்சல் முற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள். எங்களை உள்ளே விடவில்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டது. சீர் எங்களோடு போடிக்கே திரும்பியது. பெரியம்மா பிழைத்துவிட்டார். ஆனால் அந்த நாட்டில் கலவரம் வந்தது, வழி அடைபட்டது. ஒவ்வொரு காய்ப்பிலும் பழைய ஏலக்காயை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பார் அம்மா. தெருவிலாவது கொடுத்திருக்கலாமே என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால், பொட்டலத்தை அவிழ்க்கும்போதெல்லாம் அவர் முகத்தில் அது தெரியும்.

போன ஆண்டு அம்மாவுக்கு முடியாமல் போனபோது மழையில் ஜீப்பை எடுத்து மலையிலிருந்து இறக்கிய தம்பிக்கும், மருத்துவமனையில் துணைக்கு இருந்த அத்தைக்கும், தோள்கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக அம்மா என்னிடம் பேசியது இவ்வளவுதான்:

"ஏலக்காய மாத்தி வச்சிருக்கேன். என்னைக்காச்சும் வழி தெறந்தா கொண்டு போ. எங்கக்காகிட்ட ஒத்தக் கையால நீட்டிறாத."